கியர்பாக்ஸ் எண்ணெய் அழுத்த உணரி: கோளாறும் சீரமைப்பும்

கிளட்ச் மிதி இல்லாத கார்கள் பலவற்றில் கியரை மாற்றித் தருவது எண்ணெயின் அழுத்தம். அதை அளந்து கியர்பாக்ஸ் கணினிக்கு மின்னழுத்தமாகத் தெரிவிக்கும் சிறு கருவி அழுத்த உணரி. பட்டறைகளில் பிரஷர் சென்சார் என்பார்கள்.

2014-இல் மாருதி செலேரியோ ஏ.எம்.டி. (கிளட்சையும் கியரையும் கணினியே இயக்கும்) கியர்பாக்ஸுடன் வந்தபின் இந்த உணரி விலை குறைந்த கார்களிலும் இடம்பிடித்தது. அதில் மின்மோட்டார் பம்பு ஒன்று எண்ணெயை அழுத்தித் தேக்கி வைக்கும்; ஓட்டுநர் கதவைத் திறந்ததும் கேட்கும் மெல்லிய ரீங்காரம் அதுதான். நின்ற வண்டியில் அந்த ஒலி அடிக்கடி எழுந்தால் அழுத்தம் எங்கோ இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம்.

உணரிச் சுற்றில் கோளாறு என்றால் எச்சரிக்கை விளக்கு எரியும், கியர் உதறி விழும். சில வண்டிகள் தற்காப்புக்காக ஒரே கியரில் நின்றுவிடும். ஸ்கேனரில் பொதுவாக பி0840 முதல் பி0844 வரையிலான குறியீடுகள் வரும்: 0842 அளவு தாழ்ந்ததையும், 0843 உயர்ந்ததையும், 0844 விட்டுவிட்டு வரும் பழுதையும் குறிக்கும். குறியீடு காட்டுவது மின்சுற்றை; சென்சார்தான் கெட்டது என்று அதற்குப் பொருளில்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு நல்ல சென்சாரைக் கழற்றி எறிவது வீண் செலவு.

கடியப்பட்டணம் போன்ற கடலோர ஊரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வள்ளியாறு கடலில் சேரும் பகுதி, முட்டம் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கம். உப்புக்காற்று ஓய்வதே இல்லை. உணரியையும் வயரையும் இணைக்கும் கப்ளரின் ரப்பர் வளையம் தளர்ந்தால் ஈரம் உள்ளே புகுந்து, செம்புப் பின்களில் பச்சைக் களிம்பு பூக்கும். எர்த் கம்பியில் மின்தடை ஏறினால், அழுத்தம் சரியாக இருந்தும் அளவு கூடித் தெரியும்.

ஆகவே முதலில் எண்ணெய் மட்டத்தையும் நிறத்தையும் பார்க்க வேண்டும். கருகிய வாடை வந்தால் பழுது உள்ளே இருக்கலாம். பிறகு பேட்டரியைக் கழற்றிவிட்டு கப்ளரை விடுவித்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான தூரிகையால் தேய்த்து உலர்த்த வேண்டும். மூன்று கம்பி உணரியானால், பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பியதும் ஒரு கம்பியில் சுமார் 5 வோல்ட் வர வேண்டும். எர்த் உறுதியாக இருக்க வேண்டும். சிக்னல் பெரும்பாலும் 0.5-க்கும் 4.5 வோல்ட்டுக்கும் இடையில் நிற்கும். மல்டிமீட்டரைப் பிடித்தபடி வயரை அசைத்தால் விட்டுவிட்டு வரும் பழுது அகப்படும்.

சோதனைத் துளை உள்ள கியர்பாக்ஸில் அழுத்தமானியைப் பொருத்திப் பார்ப்பதே தீர்ப்பு. மானி சரியாகக் காட்டி ஸ்கேனர் மட்டும் பிழையாகச் சொன்னால் சென்சாரோ வயரோ காரணம். இரண்டும் தாழ்ந்திருந்தால் பம்பு, வடிகட்டி, கசிவு என்று தேட வேண்டும். ஏ.எம்.டி. அலகில் தேங்கிய அழுத்தத்தை முறைப்படி இறக்காமல் எதையும் கழற்றக் கூடாது.

புதிய சென்சாருக்குப் பணம் கட்டுமுன், கப்ளரைக் கழற்றச் சொல்லி அந்தப் பின்களை நீங்களே ஒருமுறை கண்ணால் பாருங்கள்.