பட்ஸ் பிறந்த கதை

பட்ஸ் டப்பாவின் பின்பக்கத்தை யாராவது படித்ததுண்டா? படித்துப் பாருங்கள். காதுத் துளைக்குள் விடக்கூடாது என்ற பொருளில் பொடி எழுத்தில் ஒரு வரி பல டப்பாக்களில் இருக்கும். காது குடைவதற்காகவே எல்லோரும் வாங்கும் ஒரு பொருளின் மேல் இப்படி ஒரு எச்சரிக்கை எப்படி வந்தது? அதன் பின்னால் நூறு வருடக் கதை ஒன்று இருக்கிறது.

காது குடையும் பழக்கம் பட்ஸை விட மிகப் பழையது. ரோமானியர் காலத்துச் சின்னஞ்சிறு காதுக் கரண்டிகள் அகழ்வாராய்ச்சியில் கிடைத்துள்ளன. வெண்கலத்திலும் எலும்பிலும் செய்தவை அவை. ஜப்பானில் மூங்கிலில் செய்த 'மிமிகாகி' என்ற காதுக் கரண்டி இன்றும் வீடுகளில் உண்டு. தமிழில் காது அழுக்குக்குக் குறும்பி என்று பெயர். அதை எடுக்கும் கருவிக்குக் 'குறும்பிவாங்கி' என்று தனிப்பெயரே இருக்கிறது! குறும்பிவாங்கி கையில் இல்லாதவர்களுக்கு ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, சாவி, பேனா மூடி என்று எது கிடைத்தாலும் போதும்.

இந்தப் பழக்கம் ஒரு பெரிய வியாபாரமாக மாறியது 1923-ல். போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர் லியோ கெர்ஸ்டென்சாங். அவருடைய மனைவி பல் குத்தும் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றிக் குழந்தையைச் சுத்தம் செய்வதை அவர் ஒருநாள் பார்த்தாராம். பஞ்சு கழன்று காதுக்குள் தங்கிவிட்டால்? குச்சி குத்திவிட்டால்? இந்தக் கவலையில்தான், பஞ்சு கழலாத குச்சியை இயந்திரத்தில் தயாரிக்கும் யோசனை அவருக்கு வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை.

அவர் தன் பொருளுக்கு முதலில் வைத்த பெயர் 'பேபி கேஸ்'. 1926-ல் அது 'க்யூ-டிப்ஸ் பேபி கேஸ்' ஆனது. பிறகு பின்பாதி உதிர்ந்து வெறும் 'க்யூ-டிப்ஸ்' என்றே நிலைத்துவிட்டது. க்யூ என்பது தரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 1962-ல் அந்த நிறுவனத்தை செஸ்பரோ-பாண்ட்ஸ் வாங்கியது. நம்மூர் அலமாரிகளில் இருக்கும் அதே பாண்ட்ஸ்தான்.

ஆக, குழந்தையின் காதில் காயம் படக்கூடாது என்ற எண்ணத்தில் பிறந்த பொருள் இது. தவறு எங்கே நடந்தது?

காதைப் பற்றிய கணக்கில்தான். குறும்பியை எல்லோரும் அழுக்கு என்றே நினைத்தார்கள். உண்மையில் அது காதின் காவல்காரன். காதுத் துளையின் வெளிப்பகுதியில் உள்ள சுரப்பிகள்தான் அதைச் சுரக்கின்றன. உள்ளே வரும் தூசியை அது பிடித்து வைக்கும், தோலை வறண்டுபோக விடாது, கிருமிகளையும் தடுக்கும். அதை வெளியேற்றவும் காதே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. காதுத் துளையின் தோல் செவிப்பறையிலிருந்து வாசலை நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவதும் இதற்கு உதவுகிறது. பழைய குறும்பி தானாகவே வெளியே வந்து உதிர்ந்துவிடும்.

பட்ஸ் இந்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறது. பஞ்சில் கொஞ்சம் குறும்பி ஒட்டி வருவதைப் பார்த்து நாம் திருப்தி அடைகிறோம். மிச்சம் உள்ளே தள்ளப்பட்டுக் கெட்டியாக அடைத்துக்கொள்கிறது. பெரியவர்களின் காதுத் துளை சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். அதன் முடிவில் இருக்கும் செவிப்பறையின் தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். குடையும்போது யாராவது முழங்கையில் இடித்தாலே அது கிழிந்துவிடும். அதற்குப் பின்னால் உள்ள நுண்ணிய எலும்புகளில் அடிபட்டால் காது மந்தமாகலாம், தலைசுற்றலும் வரலாம்.

மருத்துவர்களிடம் இப்படிப்பட்ட காயங்கள் வந்துகொண்டே இருந்தன. 1970-களில் க்யூ-டிப்ஸ் பெட்டியிலேயே காதுக்குள் விட வேண்டாம் என்ற எச்சரிக்கை அச்சாகத் தொடங்கியது. வணிக வரலாற்றில் இது ஒரு விசித்திரம். குழந்தையின் காதை மனதில் வைத்துப் பிறந்த பொருள், காதுக்குள் விடாதீர்கள் என்று தானே சொல்ல வேண்டி வந்தது. அதன் பிறகும் விற்பனை நின்றுவிடவில்லை. காரணம், அச்சிட்ட வரியை விடப் பழக்கம் பலமானது.

இதற்குச் சாட்சியாக ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள நேஷன்வைட் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் அதை 2017-ல் வெளியிட்டார்கள். 1990 முதல் 2010 வரையிலான 21 வருடங்களில் பஞ்சுக் குச்சியால் காதில் காயம்பட்டு அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு வந்த 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சுமார் 2,63,000 பேர். அதாவது தினமும் ஏறக்குறைய 34 பிள்ளைகள்! அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 8 வயதுக்கும் கீழே. நான்கில் மூன்று பங்கு காயங்கள் காதைச் சுத்தம் செய்யும்போது ஏற்பட்டவை. பெரும்பாலும் குச்சியைப் பிடித்திருந்ததும் பிள்ளைகளின் கைதான். அம்மாவும் அப்பாவும் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கை!

இந்தியாவில் 2022 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் குச்சி வைத்த பட்ஸுக்குத் தடை வந்தது. ஆனால் அது குப்பையைக் குறைக்க வந்த தடை. காகிதக் குச்சியோ மூங்கில் குச்சியோ, செவிப்பறைக்கு எல்லாம் ஒன்றுதான்.

அப்படியானால் காதை எப்படிப் பார்த்துக்கொள்வது? செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்.

குளித்த பிறகு காது மடலையும் வாசலையும் மெல்லிய துணியால் துடைத்தால் போதும். உள்ளே எதையும் விட வேண்டாம். காது அடைத்ததுபோல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. குறும்பியை இளக்கும் சொட்டு மருந்து கொடுப்பார், அல்லது அதற்குரிய கருவியால் எடுத்துவிடுவார். குடைந்த பிறகு வலி, ரத்தம், காது மந்தம், தலைசுற்றல் என்று எது வந்தாலும் எண்ணெயோ தண்ணீரோ ஊற்றாமல் உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். சின்னக் கிழிசல்கள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக ஆறிவிடும். ஆனால் அது சின்னதா பெரியதா என்பதை அவர்தான் சொல்ல முடியும். பஞ்சு உள்ளே கழன்றுவிட்டால் அதையும் நாமே தோண்டி எடுக்கக் கூடாது.

பட்ஸ் டப்பாவை வீட்டில் வைத்திருப்பதில் தவறில்லை. விசைப்பலகையின் இடுக்குகளைத் துடைக்கலாம், காயத்துக்கு மருந்து தடவலாம். குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் இன்னும் நல்லது. கெர்ஸ்டென்சாங் பயந்ததும் குழந்தையின் காதுக்காகத்தானே!