துறைமுகம் தந்த கித்தார்

துறைமுகத்தில் வந்திறங்கும் பண்டங்களுக்குச் சுங்கக் கணக்கு உண்டு. மாலுமியின் தோளிலே தொங்கி வரும் வாத்தியத்துக்கும் அவன் முணுமுணுக்கும் மெட்டுக்கும் அத்தகைய கணக்கு ஏதும் இல்லை. ஆயினும் பண்டங்கள் செலவாகி மறைந்த பின்னரும் மெட்டுகள் ஊரிலே தங்கிவிடுகின்றன. திருகோணமலையின் இசை வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயரின் ஆட்சி அகன்றது. ஆனால் அவர்தம் மொழியின் அடியாகப் பிறந்த கிறியோல் பேச்சு, திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வாழும் பறங்கியரிடையே நிலைத்தது. இன்று அப்பேச்சு பல இல்லங்களில் அருகிவிட்டது. திருமண வீடுகளில் வயலினும் கித்தாரும் ஒலிக்க நிகழும் காப்பிரிஞ்ஞா ஆடல் பாடலிலும் அதன் சொற்கள் இன்னும் உயிர் தரித்திருக்கின்றன. கோயிலை இடித்தவர்களின் வழியாகவே இவ்விசையும் வந்தது என்பது மறக்கத்தக்கதன்று. ஆயினும் இடித்த குற்றத்தை மெட்டின் மேற் சுமத்துதல் முறையாகாது.

ஆபிரிக்கத் தாளமும் கலந்த அவ்விசையிலிருந்தே பைலா தோன்றியது. பைலா என்னும் பெயர், ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. காவற்றுறையிற் பணியாற்றிய வொலி பாஸ்டியன் இருபதாம் நூற்றாண்டில் அதனைச் சிங்களப் பாடலாக வளர்த்தார். 1960களில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அத்துள்ளலைத் தமிழுக்குக் கொணர்ந்தார்.

1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துச் சென்றது. அதன் பின் வந்த தலைமுறையிலே, இவ்வூரைச் சேர்ந்த எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் என்னும் சகோதரர் பொப் இசையிலே தமிழ்ப் பாடல்களைப் பாடிப் புகழ் பெற்றனர். இசைத்தட்டும் வானொலியும் இத்தகைய பாடல்களை நாடெங்கும் பரப்பின. இடிக்கப்பட்ட கோயிலின் இறைவன் பெயர், அன்னியர் தந்த கித்தாரின் ஒலியோடு சேர்ந்து இல்லந்தோறும் புகுந்தது. பின்னர் ஏ. ஈ. மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ கடல் கடந்து தமிழகத்தையும் ஆட்கொண்டது.

புதிய ஒலி தோன்றும் போதெல்லாம் ஒரு வினாவும் உடன் தோன்றும்: “இது நம்முடைய இசைதானா?” இவ்வினா தமிழருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தி வயல்களிலிருந்து 1943இல் சிக்காகோ சென்றவர் மடி வாட்டர்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞர். நகரத்து இரைச்சலை மீறித் தம் இசை கேட்க வேண்டுமென்று மின்கித்தாரை ஏந்தி, புளூஸ் என்னும் துயரப் பாடல் மரபுக்குப் புதிய வலிமை ஊட்டினார். 1968இல் அவர் குரலைச் சூழ அக்கால ரொக் இசையின் முழக்கத்தை அமைத்து ‘எலெக்ட்ரிக் மட்’ என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. மரபு கெட்டதென விமரிசகர் பலர் சீறினர். பின் வந்த ஹிப் ஹொப் கலைஞர் சிலரோ, அவ்விசைத்தட்டின் வழியாகவே பழைய புளூசை நாடிச் சென்றனர். தூய்மைக் கேடென்று தூற்றப்பட்டது, மரபுக்குள் நுழையும் வாயிலாயிற்று.

ஆகவே, வாத்தியம் எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு மட்டும் ஓர் இசையை அளந்துவிட முடியாது. அது யாருடைய வாழ்வைச் சொல்கிறது, யாருடைய மொழியைத் தாங்குகிறது என்பதே உரைகல். வயலினும் ஒரு காலத்தில் கப்பலேறி வந்த வாத்தியமே. இன்று அஃதின்றிக் கருநாடக இசைக் கச்சேரி நடைபெறுதல் அரிது.

பறங்கியரின் பாட்டு ஒரு மொழியின் புகலிடமாக நிற்கிறது. தமிழ்ப் பொப் பாடல்களோ கீறல் விழுந்த இசைத்தட்டுகளிலும் முதியோர் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. சுவைத்தலும் வெறுத்தலும் அவரவர் உரிமை. ஆனால் அவற்றைச் செவ்வனே பதிவு செய்து காத்தல் பொதுக் கடமை. கேட்பதற்கே எஞ்சாத ஒன்றைப் பற்றி, அது நம்முடையதா அன்றா என்று வழக்காடிப் பயன் என்ன?