1956ஆம் ஆண்டுத் தேர்தலும் வாக்குறுதியின் வலிமையும்

சுதந்திர இலங்கையின் சரித்திரத்திலே 1956ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடைபெற்ற பொதுத் தேர்தல் ஒரு பெருந் திருப்பமாகும். தெரிவுக்குரிய 95 ஆசனங்களுள் 51ஐத் திரு. பண்டாரநாயக்கா தலைமையில் அமைந்த மக்கள் ஐக்கிய முன்னணி கைப்பற்றியது. 1952இல் 54 ஆசனங்களைப் பெற்றிருந்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு எஞ்சியவை எட்டே. இதனை இனவெறியின் வெற்றி என்பர் சிலர். பாமர மக்களின் எழுச்சி என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு; எனினும், தனித்து நோக்கின் ஒன்றேனும் முழு உண்மையாகாது.

எழுச்சிக்குத் தக்க காரணங்கள் இருந்தன. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது; ஆகஸ்டு 12இல் நாடெங்கும் ஹர்த்தால் மூண்டது. ஆங்கிலம் அறிந்தோர் நூற்றுக்குப் பத்துப் பேரும் இலர். ஆயினும் நீதிமன்றமும் கந்தோரும் ஆங்கிலத்திலேயே இயங்கின. கிராமத்துப் பிக்கு, சுதேச வைத்தியர், தாய்மொழிப் பாடசாலை ஆசிரியர் ஆகியோர் இந்நிலையை வெறுத்தனர். யாழ்ப்பாணத்து உழவனுக்கும் ஆங்கிலம் அந்நியமே. எனவே, இக்குறை ஓரினத்துக்கு மட்டும் உரியதன்று.

பொதுவான அக்குறை, ஒரு மொழியின் உரிமையாகச் சுருங்கியது எவ்வாறு? 1944இல் அரசாங்க சபை சிங்களம், தமிழ் ஆகிய இரண்டையும் ஆட்சிமொழிகளாக்கத் தீர்மானித்திருந்தது. 1951இல் தோன்றிய ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியும் முதலில் அக்கொள்கையையே கொண்டிருந்தது. 1955இன் இறுதியில் தனிச் சிங்களத்துக்கு மாறியது. 1954இல் யாழ்ப்பாணத்திலே இரு மொழிக்கும் சமவுரிமை உரைத்த பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவலையின் கட்சியும், 1956 பெப்ரவரியில் களனி மாநாட்டிலே தனிச் சிங்களத்தை ஏற்றது. இவ்வாறு மாறியதால் எக்கட்சிக்கும் பெரிய நட்டம் இல்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து மலையகத் தமிழருட் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்திருந்தனர். வடக்குக் கிழக்குத் தமிழரின் வாக்கோ தமிழரசுக் கட்சியின் பத்து ஆசனங்களாகத் தனித்து நின்றது. வாக்குறுதியால் நலிவுறுவோரின் வாக்கு, அதனை வழங்குவோருக்குத் தேவைப்படவில்லை.

ஆசனங்களின் தொகை மக்கள் தீர்ப்பின் அளவும் அன்று. முன்னணி பெற்ற வாக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 40. ஐக்கிய தேசியக் கட்சி பெற்றது காற்பங்குக்கு மேல். மொழிச் சமவுரிமையை ஆதரித்த சமசமாசக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் முன்னணியோடு போட்டித் தவிர்ப்பு உடன்பாடு செய்திருந்தமை அவ்வெற்றியைப் பெருக்கியது.

யூன் 5ஆம் திகதி மொழி மசோதா பாராளுமன்றத்தில் வந்தபோது, கொள்ளுப்பிட்டியை அடுத்த காலிமுகத்திடலிலே சத்தியாக்கிரகம் இருந்த தமிழர் தாக்கப்பட்டனர். மசோதா 56க்கு 29 என்ற வாக்குகளால் நிறைவேறியது. ஆனால், 1957 யூலையில் பிரதமர் திரு. செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்து, பிரதேச சபைகளுக்கும் வடக்குக் கிழக்கில் தமிழிலே நிருவாகம் நடத்தவும் இணங்கினார். விட்டுக்கொடுக்கும் மனம் அவரிடம் இருந்தது என்பதற்கு இது சான்று. அதற்கான வலிமையோ இருக்கவில்லை. 1958 ஏப்ரலில் பிக்குகள் அவரது றொஸ்மீட் பிளேஸ் இல்லத்தின் முன் அமர்ந்தனர், ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கலவரம் மூண்டது. கொழும்புத் தமிழர் பலர் கப்பலேறி யாழ்ப்பாணம் சென்றனர். 1959 செப்டெம்பரில் பிக்கு ஒருவரின் குண்டுக்குப் பிரதமர் இரையானார். அச்சதியிற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டவர்களுள், 1956இல் அவர் வெற்றிக்கு முன்னின்றுழைத்த களனி விகாராதிபதியும் ஒருவர்.

இவற்றால் நாம் அறியத்தக்கது யாது? வாக்குறுதி தோற்றவரைத் தண்டிப்பதோடு அமையாது, வென்றவரையும் கட்டிப்போடும். புலிவாலைப் பிடித்தவன் தன் விருப்பப்படி விடவும் இயலாது. தமிழும் ஆட்சிமொழியென அரசியலமைப்பிற் சேர்வதற்கு 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கிடையில் நாடு செலுத்திய விலையை அனைவரும் அறிவர்.

2024 நவம்பரில், முன்னைய பாராளுமன்றத்தில் மூன்றே ஆசனங்களைக் கொண்டிருந்த தேசிய மக்கள் சக்தி, 225இல் 159ஐப் பெற்றது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் மூன்று ஆசனங்களை வென்றது. 1956இன் வெற்றிக்கு இல்லாத சிறப்பு இது. இரு இனத்தாரின் வாக்கையும் பெற்றவர்க்கு இரு இனத்தாருக்கும் விடை கூறும் கடன் உண்டு. தம்மை ஏற்றிவைத்தோர் விரும்பாத நீதியையும் செய்ய வல்லரோ என்பதே, எண்ணிக்கையினும் மேலாக, எந்த வெற்றியையும் அளக்கத்தக்க கோலாகும்.