பின்கள ஆட்டக்காரரின் ஊதியம்: வேலையும் ஏலமும்

2005இல் பிரீமியர் ஹாக்கி லீக் தொடங்கிய பிறகே இந்திய ஹாக்கி தொழில்முறைக்கு மாறியது என்பது பரவலான கருத்து. சென்னை வீரன்ஸ் அந்த லீக்கில்தான் ஆடியது. ஆனால் குரோம்பேட்டையில் மின்ரயில் ஏறி, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் உள்ளூர் ஆட்டங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு உதைக்கும். அங்கே மோதுபவை தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி போன்ற ஆபீஸ் அணிகள். ஆடுவதற்காகவே வேலைக்கு எடுக்கப்பட்டவரை அமெச்சூர் என்பது வெறும் சம்பிரதாயம். ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையும் தொழில்முறைதான். பின்கள ஆட்டக்காரரைப் பொறுத்தவரை, வீரர்களுக்கு விலை வைக்கும் லீக் ஏலத்தைவிட அது நியாயமான தொழில்முறை என்பதே என் வாதம்.

ஒப்பிட ஐஸ் ஹாக்கி உதவும். 1904இல் தொடங்கிய இன்டர்நேஷனல் புரொஃபஷனல் ஹாக்கி லீக்கே அவ்விளையாட்டின் முதல் முழுத் தொழில்முறை லீக். அதில் பேர்பெற்ற தடுப்பாட்டக்காரர் 1879இல் ஒட்டாவாவில் பிறந்த ஹாட் ஸ்டூவர்ட். நல்ல ஊதியம் தேடி மிச்சிகன் சுரங்க நகரங்களிலும் பிட்ஸ்பர்கிலும் ஆடினார். 1907 மார்ச்சில் மான்ட்ரியல் வாண்டரர்ஸ் அணியோடு ஸ்டான்லி கோப்பையை வென்றார். அதே ஆண்டு ஜூனில், ஆட்டமில்லாக் காலத்தில் தந்தையின் கட்டுமான வேலையைக் கவனிக்க பெல்வில் சென்றவர், நீரில் பாய்ந்தபோது பாறையில் மோதி இறந்தார். வயது 28. மனைவிக்கும் இரு குழந்தைகளுக்கும் லீக்கிலிருந்து ஓய்வூதியம் எதுவும் இல்லை. 1908 ஜனவரி 2இல் நடந்த நினைவு ஆட்டத்தின் வசூல்தான் கிடைத்தது. ஐஸ் ஹாக்கியின் முதல் நட்சத்திர ஆட்டம் என்று வரலாறு கொண்டாடுவது அந்த நிதி திரட்டலைத்தான்!

ரயில்வே வேலையிலிருந்த பின்கள ஆட்டக்காரரின் குடும்பத்துக்கு அந்த நிலை வராது. இன்னொன்றும் உண்டு. முன்கள ஆட்டக்காரர் கோல் கணக்கைக் காட்டலாம். பின்களத்தவர் தடுத்த கோலுக்குக் கணக்கேது? ரயில்வேயின் ஆள்சேர்ப்பு விதி எந்த மட்டப் போட்டியில் ஆடினார் என்றுதான் கேட்கிறது, எத்தனை கோல் அடித்தார் என்றல்ல. ஒரே பணிநிலையில் சேர்ந்த இருவருக்கும் ஒரே சம்பள விகிதம்.

2024 ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் மிக அதிக விலை, 78 லட்சம் ரூபாய், பின்கள ஆட்டக்காரரான ஹர்மன்பிரீத் சிங்குக்குத்தானே போனது என்று கேட்கலாம். அவரை உச்சத்துக்கு ஏற்றியது தடுப்பு மட்டுமல்ல, பெனால்டி கார்னரில் அவர் அடிக்கும் டிராக் ஃபிளிக். அவ்வாண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 கோல் அடித்திருந்தார். கோல் அடிக்காத ஃபுல் பேக்குக்கு ஏலத்தில் அந்த மதிப்பு கிட்டுமா என்பது ஐயமே.

ஆபீஸ் ஏற்பாட்டிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. காலியிடம் இருந்தால்தான் வேலை. சேர்ந்தபின் அணி மாறுவது கடினம். 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு உறுதியான பழைய ஓய்வூதியமும் கிடையாது. நான் முன்வைக்கும் சாதகத்தில் பாதியை அரசே குறைத்துவிட்டது. ஆனாலும் அந்த 78 லட்சம் ஆட்டக்காரர் பஞ்சாப் காவல்துறையில் டி.எஸ்.பி.