வெளியுறவுக் கொள்கையும் தன்பாலீர்ப்பாளர் உரிமைகளும்: உகாண்டாச் சட்டங்களை முன்வைத்து (2009–2025)

ஆய்வுச் சுருக்கம்

தன்பாலீர்ப்பாளர் உரிமைகளை அயல்நாடுகளில் வலியுறுத்துவது வெளியுறவுக் கொள்கையின் பணியாகுமா என்னும் வினாவை உகாண்டாவின் அண்மைக்கால வரலாற்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. நிதியுதவியை நிறுத்துவதாக வெளிப்படையாக விடுத்த எச்சரிக்கைகள் ஆட்சியாளர்களுக்கு இறையாண்மை வாதத்தை வழங்கின. உள்நாட்டு உரிமை அமைப்புகள் வகுத்த நெறிகளைப் பின்பற்றும் ஆதரவே ஏற்கத்தக்கது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: உகாண்டா, தன்பாலீர்ப்பாளர் உரிமை, நிதியுதவி நிபந்தனை, இறையாண்மை, காலனியச் சட்டம்.

முன்னுரை

2011 டிசம்பர் 6 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா, அயல்நாடுகளில் செயல்படும் அமெரிக்க அரசு முகமைகள் தன்பாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரின் மனித உரிமைகளைப் பேண வேண்டுமெனக் குறிப்பாணை பிறப்பித்தார். அதே நாளில் வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன் இக்கருத்தை ஜெனீவாவில் உலக நாடுகளின் முன் வலியுறுத்தினார். இக்கொள்கைக்கு இருவகை மறுப்புகள் உண்டு. பாலியல் ஒழுக்கம் ஒவ்வொரு நாட்டின் உள்விவகாரம் என்பது ஒன்று. வெளி அழுத்தம் யாரைக் காக்க முனைகிறதோ அவர்களையே தாக்கும் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சோதித்தறிய உகாண்டா தக்க களமாகும்.

சட்டத்தின் வேர்கள்

‘தன்பாலுறவு ஆப்பிரிக்கப் பண்பாட்டுக்கு அந்நியமானது, மேலை நாடுகளே அதனைத் திணிக்கின்றன’ என்பது உகாண்டா அரசியலாளர் பலரின் வாதம். ஆனால் அதனைக் குற்றமாக்கிய சட்டமே அந்நிய ஆட்சியின் எச்சமாகும். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் இடம்பெற்ற ‘இயற்கைக்கு மாறான’ உறவு என்னும் கருத்தே, இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365ஆம் பிரிவிலும், 1950இல் பிரித்தானிய ஆட்சியில் வந்த உகாண்டாத் தண்டனைச் சட்டத்தின் 145ஆம் பிரிவிலும் காணப்படுகிறது. 2018 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் தெரசா மே, காமன்வெல்த் நாடுகளில் இத்தகைய சட்டங்களைத் தம் நாடு புகுத்தியமைக்கு வருத்தம் தெரிவித்தார்.

புதிய சட்டத்திற்கான தூண்டுதலிலும் வெளிநாட்டுப் பங்கு இருந்தது. 2009 மார்ச்சில் கம்பாலாவில் நடைபெற்ற கருத்தரங்கில் ஸ்காட் லைவ்லி உள்ளிட்ட அமெரிக்கச் சமயப் பரப்புரையாளர்கள் தன்பாலீர்ப்பை எதிர்த்து உரையாற்றினர். அதே ஆண்டு அக்டோபரில், சில சூழல்களில் மரண தண்டனை விதிக்கும் சட்ட முன்வரைவை டேவிட் பஹாத்தி நாடாளுமன்றத்தில் முன்வைத்தார். எனவே முதல் மறுப்பு வரலாற்று நோக்கில் வலுவிழக்கிறது. அந்நியத் தலையீடு உரிமைக் குரலோடு தொடங்கியதன்று.

அழுத்தமும் எதிர்விளைவும்

இரண்டாம் மறுப்பு வலிமையானது. 2011 அக்டோபரில் பிரித்தானியப் பிரதமர் டேவிட் கேமரூன், நிதியுதவி பெறும் நாடுகள் தன்பாலீர்ப்பாளர் உரிமைகளை மதிக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டை முன்வைத்தார். இந்நிபந்தனையை ஆப்பிரிக்க உரிமைச் செயற்பாட்டாளர்களும் அமைப்புகளும் கூட்டறிக்கை வாயிலாக எதிர்த்தனர். உதவி குறைந்தால் அதற்கான பழி தன்பாலீர்ப்பாளர் மீதே சுமத்தப்படும் என்பதும், அவர்களும் அதே மருத்துவமனைகளையும் பள்ளிகளையும் நம்பி வாழ்வோரே என்பதும் அவர்கள் காட்டிய காரணங்கள்.

அவ்வச்சத்திற்குச் சான்று விரைவில் கிட்டியது. 2012 அக்டோபரில் கியூபெக் நகரில் கூடிய நாடாளுமன்றங்களிடை ஒன்றியக் கூட்டத்தில் கனடிய வெளியுறவு அமைச்சர் ஜான் பேர்ட் உகாண்டாவைக் கண்டித்தார். உகாண்டா நாடாளுமன்றத் தலைவர் ரெபெக்கா கடாகா அதனைக் காலனிய மனப்பான்மை எனச் சாடினார். தாயகம் திரும்பிய அவருக்கு எண்டெபி விமான நிலையத்தில் பெரும் வரவேற்பு அளிக்கப்பட்டது. சிறிது காலத்தில், சட்டத்தைக் கிறித்துமஸ் பரிசாக நிறைவேற்றுவதாக அவர் அறிவித்தார். முடங்கிக் கிடந்த முன்வரைவு தேசியத் தன்மானத்தின் சின்னமாக உருமாறியது.

மரண தண்டனைக்கு மாற்றாக ஆயுள் தண்டனையைக் கொண்ட சட்டம் 2013 டிசம்பர் 20 அன்று நிறைவேறியது. 2014 பிப்ரவரி 24 அன்று குடியரசுத் தலைவர் யோவேரி முசெவேனி ஒப்பமிட்டார். சில நாள்களில் உலக வங்கி 9 கோடி டாலர் கடனைத் தள்ளிவைத்தது. அக்கடன் தாய்சேய் நலம் உள்ளிட்ட மருத்துவச் சேவைகளுக்கானது. சட்டம் இயற்றியவர்கள் ஒருபுறமிருக்க, இழப்பின் சுமை கருவுற்ற பெண்கள் மீது விழும் நிலை உருவானது.

உள்நாட்டு அமைப்புகள் வகுத்த நெறி

சட்டத்தை எதிர்த்த உகாண்டாக் குடிமைச் சமூகக் கூட்டமைப்பு 2014 மார்ச்சில் பன்னாட்டுப் பங்காளர்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பொதுவான உதவி நிறுத்தத்தை அது ஏற்கவில்லை. ஒடுக்குமுறையில் பங்குகொள்ளும் காவல்துறை போன்றவற்றுக்கான நிதியைக் குறிவைத்துக் குறைப்பதை ஆதரித்தது. இழப்பு யாரைச் சாரும் என்பதே இங்கு அளவுகோல். 2014 ஜூனில் அமெரிக்கா அறிவித்த நுழைவு அனுமதிக் கட்டுப்பாடுகளும் கூட்டு இராணுவப் பயிற்சி ரத்தும் இவ்வளவுகோலுக்கு நெருக்கமானவை. எனினும் சோமாலியாவில் உகாண்டாப் படைகளைச் சார்ந்திருந்த அமெரிக்கா, இராணுவ உறவைத் துண்டிக்கவில்லை.

சட்டத்தை வீழ்த்தியது நீதிமன்றமே. மெக்கெரெரே பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஒலோகா-ஒன்யாங்கோ உள்ளிட்ட பதின்மர் தொடுத்த வழக்கில், வாக்கெடுப்பின்போது அவையில் போதிய உறுப்பினர் இல்லை என்ற காரணத்தால் 2014 ஆகஸ்ட் 1 அன்று அரசமைப்பு நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாததாக்கியது. முசெவேனி பங்கேற்கவிருந்த வாஷிங்டன் மாநாட்டிற்குச் சில நாள்கள் முன்னர் தீர்ப்பு வந்ததால், வெளி அழுத்தத்தின் நிழலை அதில் கண்டோரும் உளர். அவ்வாறாயினும், நடைமுறைக் குறையால் வீழ்ந்த சட்டம் மீண்டும் எழ வழியிருந்தது.

மீண்டெழுந்த சட்டம்

2023 மே மாதம் முசெவேனி ஒப்பமிட்ட புதிய சட்டம், கடுமையான குற்றமாக வரையறுக்கப்பட்டவற்றுக்கு மரண தண்டனையையும் சேர்த்துக்கொண்டது. உலக வங்கி ஆகஸ்டில் புதிய கடன்களை நிறுத்தியது. ஆப்பிரிக்க நாடுகளுக்கான வரிச்சலுகைத் திட்டத்திலிருந்து 2024 ஜனவரி முதல் அமெரிக்கா உகாண்டாவை நீக்கியது. 2024 ஏப்ரல் 3 அன்று அரசமைப்பு நீதிமன்றம் சில பிரிவுகளை மட்டும் நீக்கிச் சட்டத்தை நிலைநிறுத்தியது. 2025 ஜூனில் உலக வங்கி கடன் வழங்கலை மீண்டும் தொடங்குவதாக அறிவித்தபோதும் சட்டம் நடைமுறையில் இருந்தது. நிபந்தனை விதித்தவர்களின் உறுதி, சட்டத்தின் ஆயுளைவிடக் குறுகியதாயிற்று.

முடிவுரை

இவ்வரலாறு வெளியுறவுக் கொள்கையின் மௌனத்தை நியாயப்படுத்தவில்லை. 2010இல் உகாண்டா இதழொன்று தன்பாலீர்ப்பாளர் எனச் சிலரின் படங்களை வெளியிட்டது. அவ்விதழுக்கு எதிரான வழக்கில் வென்ற டேவிட் கட்டோ 2011 ஜனவரியில் கொலையுண்டார். இத்தகையோரின் பாதுகாப்பு உலகின் பொறுப்பன்று எனக் கூறுதல் இயலாது. 2016இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் பாலீர்ப்பு, பாலின அடையாளம் ஆகியவை சார்ந்த வன்முறையை ஆராயத் தனி வல்லுநரை நியமிக்கும் தீர்மானத்தை ஏற்றது. 23 நாடுகள் ஆதரித்த அத்தீர்மானத்தை முன்னெடுத்தவை இலத்தீன் அமெரிக்க நாடுகள். மேலை வல்லரசுகள் மட்டுமே இவ்வுரிமைகளைப் பேசுகின்றன என்ற வாதத்திற்கு இது மறுமொழியாகும்.

ஆகவே, பிற நாட்டினரின் உரிமைகளுக்காகப் பேசுவது வெளியுறவுக் கொள்கையின் கடமையே. எப்போது உரக்கப் பேசுவது, எந்த நிதியைக் குறைப்பது என்பனவற்றை முடிவு செய்வதில், விளைவுகளை ஏற்று அந்நாட்டிலேயே வாழவேண்டியவர்களின் குரல் முதலிடம் பெறுதல் வேண்டும். 2011இலும் 2014இலும் அக்குரல் தெளிவாகவே ஒலித்தது. கொடையாளர் அதற்கு முழுமையாகச் செவிசாய்க்கவில்லை.