ஜாதிக்காய்த் தீவு

அஞ்சறைப் பெட்டியில் ஜாதிக்காய்க்கு நிரந்தரமான அறை கிடையாது. மிளகும் சீரகமும் கடுகும் வீட்டோடு கிடந்து உழைக்கிற சம்சாரிகள். ஜாதிக்காய் எப்போதாவது வந்து போகிற பெரிய மனிதர். எங்கோ ஒரு டப்பாவில் படுத்திருக்கும். கைக்குழந்தைக்கு வயிறு சரியில்லை என்றால் பாட்டி உரைகல்லைக் கழுவி வைத்துக்கொண்டு அதைத் தேடுவாள். எண்ணி ஒன்றிரண்டு உரை. அதற்கு மேல் போனால் மருந்தே விஷம் என்று அவளுக்குத் தெரியும். பிரியாணி மசாலாவில் அது இருக்கும், ஆனால் இருப்பது தெரியக் கூடாது. சில வீடுகளில் பாயசத்திலும் ஒரு சிட்டிகை விழுவது உண்டு.

மேல்நாட்டிலும் இதே மரியாதைதான். இங்கிலீஷ்காரர்கள் பாலும் முட்டையும் கலந்து செய்கிற கஸ்டர்டின் தலையில் அதைத் துருவுவார்கள். இத்தாலியர்கள் கீரையையும் பாலாடைக் கட்டியையும் மாவுக்குள் பொதிந்து கொழுக்கட்டை போல் ஒன்று செய்கிறார்களே, அதன் பூரணத்தில் சேர்ப்பார்கள். டச்சுக்காரர்களோ வெறும் தண்ணீரில் வேக வைத்த காலிபிளவரின் மேல் துருவிக் கொள்கிறார்கள்! உப்புச் சப்பில்லாத ஒரு பூவுக்கு இத்தனை உபசாரம் எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் டச்சுக்காரர்களுக்கும் இந்தக் காய்க்கும் உள்ள உறவு சமையல் உறவு மட்டுமல்ல.

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் உலகத்துச் சந்தைகளுக்குப் போன ஜாதிக்காய் ஏறக்குறைய முழுவதும் ஒரே இடத்திலிருந்துதான் வந்தது. இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் பண்டா என்று பத்துப் பதினொரு சின்னஞ்சிறு தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் பெரியதான லோந்தோர், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 12 கிலோமீட்டர்தான் இருக்கும். பக்கத்திலேயே கடலிலிருந்து கூம்பாக எழுந்து நிற்கிறது ஓர் எரிமலை. அதன் சாம்பல் விழுந்த மண்ணில்தான் இந்த மரம் இஷ்டப்பட்டு வளர்ந்தது. அங்கிருந்து அது ஜாவா, மலாய் வியாபாரிகள் கைமாறி, நம் ஊருக்கும் வந்திருக்கிறது. வாயில் அடக்கிக்கொள்ளும் முகவாசம் ஐந்து என்று கணக்குச் சொன்ன நமது பழைய உரைகாரர்கள் ‘சாதி’யையும் அதில் சேர்த்திருக்கிறார்களே! அந்தத் தீவின் பெயரை அவர்கள் கேட்டிருக்க நியாயமில்லை.

பழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இளமஞ்சள் நிறம், சிறிய பேரிக்காய் அளவு. பழுத்ததும் இரண்டாக வெடிக்கும். உள்ளே கருத்த ஓடு. ஓட்டின் மேல் செக்கச் செவேலென்று வலை பின்னினாற்போல் ஒரு போர்வை, அதுதான் ஜாதிபத்திரி. ஓட்டை உடைத்தால் ஜாதிக்காய். பெயர்தான் காய், உண்மையில் விதை. புளிப்பும் துவர்ப்புமான சதையை உலக வர்த்தகம் சீந்துவதில்லை. பண்டாக்காரர்கள் அதைச் சர்க்கரைப் பாகில் போட்டு மிட்டாய் செய்வார்கள், பழக்கூழ் காய்ச்சுவார்கள். ஊருக்கெல்லாம் விதையை அனுப்பிவிட்டுத் தாங்கள் சதையைத் தின்றார்கள்.

இந்த மரத்தை வளர்ப்பது ஒரு வித்தை. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நட்டு ஆறேழு வருஷம் காத்திருந்து, பூத்த பிறகுதான் எது எது என்று தெரியும். நேர் வெயில் ஆகாது. கெனாரி என்ற நெடுமரங்களின் நிழல் வேண்டும். எந்தப் பழத்தை எப்போது கொய்வது, எத்தனை நாள் புகை போட்டு உலர்த்துவது என்பதெல்லாம் ஏட்டில் எழுதிவைத்த விஷயம் அல்ல. தாத்தா சொல்லிப் பேரன் கேட்டது.

அந்தத் தீவுகளில் ராஜா இல்லை. ‘ஓராங் காயா’ என்று அழைக்கப்பட்ட ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்மானிப்பார்கள். இஸ்லாம் வந்துவிட்டிருந்தது. நெல் விளையாது, அரிசியும் சவ்வரிசி மாவும் வெளியிலிருந்து வரவேண்டும். துணி குஜராத்திலிருந்தும் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் போயிற்று. யார் அரிசியும் துணியும் கொண்டுவந்தாலும் அவர்களுக்கு ஜாதிக்காய் கொடுப்பது என்பதுதான் அவர்களுடைய அரசியல், பொருளாதாரம் எல்லாம்.

1512-இல் போர்த்துக்கீசியர் வந்தார்கள்; வாங்கினார்கள்; போனார்கள். 1599-இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த சரக்கு என்ன தெரியுமா? கம்பளித் துணியும் வெல்வெட்டும்! பூமத்திய ரேகைக்கு நாலைந்து டிகிரி தள்ளியிருக்கும் ஊருக்கு! 1602-இல் சில பெரியவர்களிடம் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பம் வாங்கினார்கள். டச்சுக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் காய் விற்பதில்லை என்பது ஷரத்து. அதன்படி நடந்தால் பண்டாக்காரர்கள் கம்பளியைத்தான் தின்ன வேண்டும். பழைய வியாபாரிகளுக்கும் விற்றார்கள், இங்கிலீஷ்காரர்களுக்கும் விற்றார்கள். இதற்கு டச்சுக் கணக்குப் புத்தகத்தில் துரோகம் என்று பெயர்.

1609-இல் வெர்ஹூவன் என்ற டச்சுத் தளபதி பெருங்கப்பல்களுடன் வந்து நெய்ரா தீவில் கோட்டை கட்டத் தொடங்கினார். பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்து, அவரையும் உடன் வந்த பலரையும் பண்டாக்காரர்கள் வெட்டிப் போட்டார்கள். அது கொலைதான், வேறு பெயர் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தோடு கப்பலில் வந்திருந்தான் ஓர் இளைஞன், குமாஸ்தா உத்தியோகம், 22 வயது. பெயர் யான் பீட்டர்ஸூன் கூன்.

தமிழில் கூன் என்றால் வளைந்தது. இந்த மனிதருக்கு அந்தப் பெயர் கொஞ்சமும் பொருந்தாது. எதற்கும் எவருக்கும் வளையாதவர். கணக்கில் புலி. கும்பெனியின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்தார். 1619-இல் ஜகார்த்தாவை எரித்து அதன் சாம்பலின் மேல் பட்டாவியா நகரத்தை எழுப்பினார். பண்டாவை அவர் மறக்கவில்லை. 1621 பிப்ரவரியில் பெரும் கப்பல் படையோடு அங்கே வந்து சேர்ந்தார். ஆயிரத்து அறுநூறுக்குக் குறையாத சிப்பாய்கள். கூலிக்கு வாள் வீசும் ஜப்பானியர் சிலர். மார்ச்சில் லோந்தோர் விழுந்தது. பெரியவர்கள் சமாதானம் கேட்டு ஆயுதங்களை ஒப்படைத்தார்கள்.

அத்துடன் முடிந்திருக்கலாம். முடியாமல் போனதற்கு ஒரு விளக்கு காரணம். ஸெலமோன் என்ற கிராமத்தில் டச்சு அதிகாரி தம் சிப்பாய்களுடன் பள்ளிவாசலில் போய்த் தங்கினார். ஊரார் கெஞ்சிப் பார்த்தார்கள், கேட்கவில்லை. ஏப்ரல் மாதத்து இரவு ஒன்றில், தூக்கத்தின் நடுவில், மேலே தொங்கிய விளக்கு கீழே விழுந்தது. கயிறு இற்றதோ, எலி கடித்ததோ! ஆனால் 1609-ஐ நினைத்துக்கொண்டு படுத்திருந்தவர்களுக்கு அது ஊரார் பாய்வதற்கான சமிக்ஞையாகவே பட்டது. இருட்டில் துப்பாக்கிகள் வெடித்தன. சதி நடக்கிறது என்று கூன் முடிவுகட்டிவிட்டார். நாவல் எழுதுகிறவன் இப்படி ஒரு விளக்கை விழவைத்தால், செயற்கையாக இருக்கிறது என்று பத்திரிகாசிரியர் அடித்துவிடுவார். சரித்திரத்துக்கு அந்தப் பயம் இல்லை.

1621 மே 8-ஆம் தேதி, நஸ்ஸோ கோட்டைக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டி அடைத்த ஓரிடத்துக்கு 44 பெரியவர்களைக் கைகளைக் கட்டிக் கொண்டு வந்தார்கள். சதியின் தலைவர்கள் என்று எட்டுப் பேரைப் பிரித்து, ஆறு ஜப்பானியர்கள் வாளால் துண்டு போட்டார்கள். பிறகு மற்ற 36 பேருடைய தலைகளும் விழுந்தன. அவர்களில் ஒருவர், உங்களுக்கு இரக்கமே கிடையாதா என்று டச்சு மொழியிலேயே கேட்டாராம். இதையெல்லாம் எழுதி வைத்திருப்பவர் அங்கே நின்று பார்த்த டச்சு அதிகாரி ஒருவர்தான். இப்படிப்பட்ட வியாபாரத்தில் தமக்குச் சந்தோஷம் இல்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை மறக்காமல் இருக்கலாம்.

பிறகு மலைகளில் வேட்டை நடந்தது. பலர் பட்டினியால் செத்தார்கள். பிடிபட மனமில்லாமல் செங்குத்துப் பாறைகளிலிருந்து குதித்தவர்களும் உண்டு. முதியவர், பெண்கள், குழந்தைகள் என்று 789 பேரைப் பட்டாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். படகு கிடைத்தவர்கள் கிழக்கே தப்பியோடினார்கள். படையெடுப்புக்கு முன் ஜனத்தொகை சுமார் 15,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மிஞ்சியது ஆயிரம் பேர் சொச்சம். ஆம்ஸ்டர்டாமிலிருந்த முதலாளிகள், இன்னும் கொஞ்சம் மிதமாக நடந்திருக்கலாம் என்று கூனுக்கு எழுதினார்கள். கடிதத்தோடு நிற்காமல் வெகுமதியும் கொடுத்தார்கள்.

தீவு கைக்கு வந்துவிட்டது. இனி அதைக் கவனிப்பது யார்? தோப்புகளை 68 பங்காகப் பிரித்துக் கும்பெனியின் பழைய சிப்பாய்களுக்கும் சேவகர்களுக்கும் குத்தகைக்குக் கொடுத்தார்கள். கும்பெனி அடிமைகளைக் கொடுக்கும், அரிசி கொடுக்கும், காயைத் தான் வைத்த விலைக்கு எடுத்துக்கொள்ளும். ஹாலந்தில் கடல் பார்த்து வளர்ந்தவனுக்கு ஜாதிக்காய் மரத்தில் ஆண் எது, பெண் எது என்று என்ன தெரியும்? அடிமைகளுக்கும் தெரியாது. தெரிந்தவர்களை வெட்டியாகிவிட்டது. கடைசியில், எஞ்சிய சில பண்டாக்காரர்களையே, பட்டாவியாவுக்கு ஓட்டிப் போனவர்களில் சிலரையும் திருப்பிக் கொண்டுவந்து, வேலை சொல்லிக் கொடுக்க வைத்தார்கள். தன் தகப்பன் தோப்பில் நின்றுகொண்டு, அதைப் பறித்தவனுடைய அடிமைக்கு, இந்தப் பழம் இன்னும் வெடிக்கவில்லை, இரண்டு நாள் பொறு என்று சொல்ல வேண்டியிருந்தது ஒருவனுக்கு. அவன் பெயர் எந்தக் கணக்கிலும் இல்லை. 1638-இல் தீவுகளில் எண்ணப்பட்ட சுமார் 3,800 பேரில் பழங்குடிகள் 560 பேர்தான்.

அந்த அடிமைகள் எங்கிருந்து வந்தார்கள்? ஜாவா, போர்னியோ, சீனக் கரை, குஜராத், மலையாளக் கரை. நம் சோழமண்டலக் கரையும் அந்தப் பட்டியலில் உண்டு. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை, முதலில் துணி வாங்குவதற்காக ஏற்பட்டது. அந்தத் துணியைக் கொண்டுபோய்க் கிழக்கே வாசனைத் திரவியம் வாங்கினார்கள். பஞ்சம் வந்த வருஷங்களில் துணியோடு மனிதர்களையும் வாங்கினார்கள். வயிற்றுக்கு இல்லாமல் தன்னையும் பிள்ளையையும் விற்றுக்கொண்டவர்கள் பட்டாவியாவுக்குக் கப்பலேறினார்கள். எந்தெந்த ஊர்க்காரர்கள் பண்டாவரை போய்ச் சேர்ந்தார்களோ!

பிற்பாடு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பண்டாவில் ரன் என்ற ஒரு துண்டுத் தீவை இங்கிலீஷ்காரர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1667-இல் பிரெடா உடன்படிக்கையில் ரன் டச்சுக்காரர்களிடம் நின்றது. அமெரிக்காவில் அவர்கள் இழந்திருந்த மன்ஹாட்டன் இங்கிலீஷ்காரர்களிடம் நின்றது. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கினார்கள் என்று இதைச் சுவையாகச் சொல்வதுண்டு. பிடித்ததை அவரவர் வைத்துக்கொள்வது என்பதுதான் உடன்படிக்கை. அதற்கு முன்பே ரன் தீவின் ஜாதிக்காய் மரங்களை டச்சுக்காரர்கள் வெட்டித் தள்ளியிருந்தார்கள் என்பதைச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

விதை வேறெங்கும் முளைத்துவிடக் கூடாது என்று காய்களைச் சுண்ணாம்பு நீரில் முக்கி அனுப்பினார்கள். இருந்தும் 1770-இல் மொரீஷியஸுக்குக் கன்றுகள் கடத்தப்பட்டன. ஏற்பாடு செய்தவர் ஒரு கையை இழந்த பிரெஞ்சுக்காரர், பியேர் புவாவ்ர். பிரெஞ்சில் ‘புவாவ்ர்’ என்றால் மிளகு! பிறகு இங்கிலீஷ்காரர்கள் பண்டாவைப் பிடித்திருந்த சில வருஷங்களில் கன்றுகள் பினாங்குக்கும் இலங்கைக்கும் போயின. நம் குற்றாலத்திலும் கும்பெனித் தோட்டத்தில் ஜாதிக்காய் காய்த்தது. 1843-இல் மேற்கிந்தியத் தீவான கிரெனடாவை அடைந்தது. 1974-இல் அந்நாடு சுதந்திரம் பெற்றபோது ஜாதிக்காய் கொடியிலேயே ஏறிவிட்டது.

கூனுக்கு அவர் பிறந்த ஹூர்ன் நகரத்தில் 1893-இல் சிலை வைத்தார்கள். 2011-இல் பாரந்தூக்கி ஒன்று இடித்து அது கீழே விழுந்தது. மறு வருஷம் திரும்ப நிறுத்தினார்கள். பண்டாவில் அவர் செய்ததையும் சொல்லும் பலகையுடன்.

இனி, 1621-இல் படகேறியவர்கள். பண்டாவுக்குக் கிழக்கே கேய் தீவுகள் இருக்கின்றன. அங்கே ‘பெரிய கேய்’ என்ற தீவில் அவர்கள் கரை இறங்கி இரண்டு ஊர்கள் அமைத்துக்கொண்டார்கள். 1857 தொடக்கத்தில் அந்தப் பக்கம் போன ஆல்பிரெட் வாலஸ், பண்டாவிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வழிவந்த முஸ்லிம்களை அங்கே கண்டு எழுதியிருக்கிறார். பண்டாவுக்கும் போய்த் தோப்புகளின் அழகில் சொக்கி, ஜாதிக்காய் ஏகபோகம் ஒன்றும் பெரிய கேடு அல்ல என்று வாதாடியவரும் அதே வாலஸ்தான்! இப்போது பண்டாவில் வசிப்பவர்கள், பல தேசங்களிலிருந்து வந்து கலந்தவர்களுடைய சந்ததி, பேசுவது மலாய். பண்டாவின் பழைய பாஷை அங்கே இல்லை. அது கேய் தீவின் அந்த இரண்டு ஊர்களில் இருக்கிறது. ஊர்களின் பெயர் பண்டா எலி, பண்டா எலாத்.