உறங்கும் வாகனமும் உள்ளிருக்கும் பற்றரியும்

கனடாவிலும் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் குளிர்காலம் நெருங்கியதும், கட்டில், சமையலறை, கழிப்பறை என வீட்டு வசதிகள் அனைத்தும் கொண்ட உல்லாசப் பயண வாகனங்கள் இளவேனில் வரை நிறுத்தி வைக்கப்படுவது வழமையாகும். இவ்வாகனங்களின் விளக்குகளுக்கும் நீர்ப்பம்பிக்கும் மின்சாரம் வழங்கிய ஈய அமிலப் பற்றரிகளின் இடத்தை, அண்மைய ஆண்டுகளில் லிதியம் இரும்பு பொஸ்பேற்று பற்றரிகள் பிடித்து வருகின்றன. 2019 ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டவர்களுள் ஒருவரான ஜோன் குட்இனஃபின் குழுவினர், டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து 1997 இல் வெளியிட்ட ஆய்வே இவ்வகைப் பற்றரிக்கு அடித்தளமிட்டது.

இப்பற்றரிகளின் விலை அதிகம், ஆயுளும் அதிகம். ஆனால், அந்த ஆயுளைக் குறைத்துவிடுவது பெரும்பாலும் உரிமையாளரின் பழைய பழக்கமே ஆகும்.

ஈய அமிலப் பற்றரியை முழுமையாக மின்னேற்றியே வைக்க வேண்டும். மின்னேற்றம் குறைந்து கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப் படியும். கடுங்குளிரில் உள்ளிருக்கும் திரவம் உறைந்து பற்றரியே பிளந்துவிடலாம். எனவே, குளிர்காலம் முழுவதும் அதனை மின்னேற்றியுடன் இணைத்து வைப்பது அறிவுடைமையாகக் கருதப்பட்டது. லிதியம் பற்றரிக்கோ இது பொருந்தாது. முழு மின்னேற்றத்துடன் மாதக்கணக்கில் கிடக்கும் பற்றரி, குறிப்பாக வெப்பமான இடங்களில், விரைவாக முதுமையடைகின்றது. ஏறத்தாழ அரைவாசி மின்னேற்றத்துடன் தொடர்பைத் துண்டித்து வைப்பதே சிறந்தது.

இதனிலும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. பூச்சியப் பாகை செல்சியசுக்குக் கீழே இப்பற்றரியை மின்னேற்றலாகாது. அவ்வாறு செய்யின், காரீய மின்வாய்க்குள் புக வேண்டிய லிதியம் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிகின்றது. இச்சேதம் பெரும்பாலும் மீளாதது, உட்குறுஞ்சுற்றுக்கும் வழிவகுக்கலாம். வினிபெக் போன்ற நகரங்களில் ஜனவரி இரவுகளில் மறை 20 பாகை என்பது சாதாரணம். குளிர்ந்து கிடக்கும் வாகனத்தின் கூரையிலுள்ள சூரியத் தகடு, வெயில் பட்டதும் எவரும் அறியாமலே மின்னேற்றத் தொடங்கிவிடும். தரமான பற்றரிகளில் உள்ள முகாமைத்துவ மின்சுற்று இதனைத் தடுக்கும். மலிவான பற்றரிகள் சிலவற்றில் இப்பாதுகாப்பு இருப்பதில்லை. ஆதலால், வாகனத்தை நிறுத்தும்போது சூரியத் தகட்டின் இணைப்பையும் துண்டிப்பது அவசியம்.

பிரதான ஆளியை அணைத்த பின்னரும் வாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி போன்றவை சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக் கொண்டிருக்கும். முற்றாக வெறுமையாகிய பற்றரி மீளாமலும் போகலாம். எனவே, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதிப்பது நன்று. 12.8 வோல்ற்றுப் பற்றரியின் வோல்ற்றளவு, மின்னேற்றத்தின் பெரும்பகுதி முழுவதும் 13 ஐ அண்டியே நிற்பதால், அதனை மாத்திரம் கொண்டு மிகுதியைக் கணிக்க முடியாது. உட்செல்லும், வெளிச்செல்லும் மின்னோட்டத்தைக் கணக்கிடும் மானியே நம்பத்தக்கது. வீங்கிய அல்லது நசுங்கிய பற்றரியை எக்காரணம் கொண்டும் மின்னேற்றலாகாது.

நமது நாட்டில் உறைபனிக் கவலை இல்லை. எனினும், வீட்டுச் சூரிய மின்தொகுதிகளிலும் இதே வகைப் பற்றரிகள் பயன்படுகின்றன. இங்கு எதிரி குளிரன்று, வெப்பமே. அவற்றை வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைப்பதே முறை. கருவி மாறும்போது அதனைப் பேணும் பழக்கமும் மாற வேண்டும்.